நான்கு நிமிடம் பதினொரு வினாடி

குழந்தை பார்வையை எடுக்கவில்லை. திரையில் மஞ்சள் முக்கோணம் தோன்றி இரண்டு நிமிடமாகியும், பார்வை எங்கே போகிறது என்று காட்டும் சிவப்புப் புள்ளி ஒரே இடத்தில் நின்றது.

"சார், இதுவரைக்கும் நம்ம ரெக்கார்டு முப்பத்தெட்டு செகண்டு," என்றாள் பிளஸ்ஸி, குரலைத் தாழ்த்தி.

பேராசிரியர் வேதசிரோமணி தாழ்த்தவில்லை. "நோட் பண்ணிக்குங்க மேடம். எட்டு மாசக் குழந்தை. டூ மினிட்ஸ்."

மேடம் என்பது அபிதகுஜாம்பாள். இந்தக் குழந்தை மனவளர்ச்சி ஆய்வுக்கூடத்துக்கு நிதி தரும் அறக்கட்டளையின் தலைவி. ஆய்வை இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பதா, இன்றோடு மூடுவதா என்று முடிவு செய்யத் தாம்பரம் வந்திருந்தார். மூடினால் பேராசிரியருக்குக் கல்லூரியில் வகுப்புகள் இருக்கின்றன. ஆய்வுக்கூட மேலாளர் பிளஸ்ஸிக்கு நாளையிலிருந்து எதுவும் இல்லை.

மேலாளர் என்றால் பெரிய பதவிதான். பொம்மைகளைக் கழுவுவாள். தாய்மார்களுக்குப் போன் போட்டுக் கெஞ்சுவாள். பேராசிரியரின் கட்டுரைகளில் கடைசிப் பக்கத்து நன்றியுரையில், பெயரில் ஓர் எழுத்து குறைந்து, இடம்பெறுவாள்.

காலையிலிருந்து வந்த மூன்று குழந்தைகளும் பேராசிரியரைப் பார்த்ததுமே அழுதுவிட்டன. நான்காவதாக வந்தவன் பல்லாவரத்துக் கேஷவ். அவன் அம்மா சந்திரிகா வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்து, பால் கொடுத்து, அவனை மடியில் சாய்த்துக்கொண்டு திரைக்கு எதிரே உட்கார்ந்தாள். குழந்தையின் கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு.

திரைக்கு அடியில் பார்வையை அளக்கும் கருவி இருந்தது; முகத்தில் கறுப்பு வட்டத்தைத் தேடித்தான் அது விழியைக் கண்டுபிடிக்கும். பிளஸ்ஸி ஈரத் துணியோடு குனிந்தாள்.

"அக்கா, இந்தப் பொட்டைக் கொஞ்சம் துடைச்சுக்கலாமா?"

"மாமியார் வெச்சது மேடம். அழிச்சுக்கினு போனா வூட்ல பேஜாராயிடும்."

பேராசிரியர் நடுவில் புகுந்தார். "பிளஸ்ஸி, நம்ம கல்ச்சரைத் துடைச்சுட்டு நாம என்ன சயன்ஸ் பண்ணப்போறோம்?"

அபிதகுஜாம்பாள் நெகிழ்ந்துபோய்த் தலையசைத்தார். ஆண்டறிக்கைக்காக, பொட்டு நன்றாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுக்கப்பட்டது. பிளஸ்ஸி துணியை மடித்து வைத்துவிட்டு, எல்லாத் தாய்மாரிடமும் சொல்வதையே சந்திரிகாவிடமும் சொன்னாள்.

"நாங்க உள்ள வர்ற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாதுக்கா. குழந்தையைத் தட்டக்கூடாது, ஆட்டக்கூடாது. அப்படிப் பண்ணா கணக்குல சேராது."

"அசைய மாட்டேன் மேடம்," என்றாள் சந்திரிகா. அப்போதே அசையாமல்தான் சொன்னாள்.

பிளஸ்ஸி அறை விளக்கை அணைத்துவிட்டு, மற்ற இருவரோடு தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தாள். இங்கே வழக்கமாக இரண்டு திரைகள் இருக்கும். ஒன்றில் சிவப்புப் புள்ளி, மற்றதில் குழந்தையின் முகம். இன்று மேடத்துக்கு வண்ண வரைபடம் காட்டுவதற்காக, முகம் காட்டும் திரையைப் பேராசிரியர் பிடுங்கிக்கொண்டார். "முகத்தைப் பாத்து என்ன பண்ணப்போற? டேட்டா பேசும்."

டேட்டா மூன்றாவது நிமிடத்தைத் தாண்டியது. பேராசிரியரும் தாண்டினார்.

"வெஸ்ட்ல ஒரு நிமிஷமே அதிகம் மேடம். நம்ம குழந்தை தாலாட்டு கேட்டு வளருது, ஆள் நடமாட்டத்துல வளருது. மனசு அலையறதில்ல. இதுக்கு நான் 'தென்புறநகர்க் கவனம்'னு பேர் வெக்கப்போறேன். அடுத்த மாசம் சிங்கப்பூர்ல பேசறேன்."

"எங்க டிரஸ்ட் மீட்டிங்ல ஒருத்தர்கூட இவ்ளோ நேரம் ஸ்க்ரீனைப் பாக்கறதில்ல," என்றார் அபிதகுஜாம்பாள்.

"அவங்களையும் டெஸ்ட் பண்ணலாம் மேடம்."

நான்கு நிமிடம் பதினொரு வினாடியில் முக்கோணம்தான் தீர்ந்துபோயிற்று. சிவப்புப் புள்ளி அப்போதும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பிளஸ்ஸி எண்ணை இரண்டு முறை சரிபார்த்துப் படிவத்தில் எழுதினாள். நாலு வருடமாக அழுகிற குழந்தைகளுக்குக் கிலுகிலுப்பை ஆட்டியதற்கு ஆண்டவர் இன்றைக்குப் பதில் சொல்லிவிட்டார் என்று பட்டது.

அபிதகுஜாம்பாள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "மூணு வருஷம் என்னத்துக்கு, அஞ்சாவே போட்டுக்குங்க. மேலாளர் போஸ்ட்டையும் பர்மனென்ட் பண்ணிடுங்க, பாவம், அந்தப் பொண்ணு ஓடிக்கிட்டே இருக்கு."

"ஸ்தோத்திரம்," என்றாள் பிளஸ்ஸி, வாய்க்குள்ளேயே.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, அந்தக் குழந்தையை ஒரு வாட்டி பாத்துடறேன்."

"வித் பிளஷர்," என்று பேராசிரியர் தடுப்புக் கதவை அகலத் திறந்தார். பின்னாலேயே அபிதகுஜாம்பாள், அவருக்குப் பின்னால் படிவத்தோடு பிளஸ்ஸி.

சந்திரிகா உட்கார வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். உதட்டை இறுக்கி மூடியிருந்தாள்.

"வெல்டன் கேஷவ்," என்று பேராசிரியர் உரக்கச் சொல்லி, கைதட்டக் கைகளை விரித்தார்.

இப்போது பேசலாமா என்று சந்திரிகா பிளஸ்ஸியைக் கண்ணாலேயே கேட்டாள். பிளஸ்ஸி தலையாட்டினாள்.

"மெதுவா சார், லைட்டை அணைச்சப்பவே புள்ள தூங்கிட்டான்."