நின்றுபோன லிஃப்டின் வேடம்

மதிய வெயில் தையல் மெஷின் சக்கரத்தில் மின்னுகிறது. பாதி தைத்த சட்டையை மடியில் போட்டபடி தையல்காரி போனில் திறந்திருக்கும் ஒரு அரட்டைக் குழுவையே பார்க்கிறாள். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி இணையத்தில் கதை வளர்க்கும் குழு அது. மற்றவர்கள் ராஜா, மந்திரவாதி என்று கேட்டு வாங்குகிறார்கள். இவளுக்கோ பாதியில் நின்றுபோன லிஃப்டாகப் பேச ஆசை. மூன்று நாளாக எழுதி எழுதி அழிக்கிறாள். “நீ டைப் பண்றது அங்க எல்லாருக்கும் தெரியும்டி, அனுப்பித் தொலை,” என்கிறாள் பக்கத்தில் பட்டன் தைக்கும் அக்கா. “சிரிப்பாங்கக்கா.” “லிஃப்டுல மாட்டினவன் எவன்டி சிரிச்சிருக்கான்?” காது சுடுகிறது. கட்டைவிரல் இறங்கி, ‘கிறுக்குத்தனமா இருந்தா மன்னிச்சிடுங்க’ என்ற முதல் வரியை மட்டும் அழிக்கிறது. மீதி போகிறது: ‘நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நிக்கிறேன். எனக்குள்ள யார் வர்றீங்க?’