கடைசித் தலை

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பெர்தொனே தெரு இறைச்சிக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் ஒரே ஓர் ஆட்டுத்தலைதான் மிஞ்சியிருக்கிறது. சனிக்கிழமை மத்தியான வெயில் அதன் நெற்றியில் விழ, அது அரைக்கண்ணால் தெருவைப் பார்க்கிறது. புதுச்சேரிக் கிழவர் பெர்னார் அதைப் பார்க்கிறார். தலைக்கறி இல்லாமல் வீட்டுக்கு வரக்கூடாது என்பது மனைவி மர்கரீத்தின் கட்டளை. ஆனால் வரிசையில் அவருக்கு முன்னால் புறநகர் சென் தெனியிலிருந்து வந்த கோசலை நிற்கிறாள், தலையைக் கேட்டும்விட்டாள். பெர்னார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சாவு வீட்டுக் குரலில் ஆரம்பிக்கிறார். “சென் தெனிக்கா கொண்டுபோறீங்க? பார்த்தும்மா. ரோமாக்காரன் காலத்துல அதோ அந்தக் குன்றுமேல, உங்க ஊருக்குப் பேரு குடுத்த தெனிங்கிற பிஷப்போட தலையை வெட்டிட்டாங்க. அவரு குனிஞ்சு எடுத்து, கையில ஏந்திக்கிட்டு, இந்தப் பக்கமாத்தான் நடந்தே போனாரு. வழியெல்லாம் தலை பிரசங்கம் பண்ணிக்கிட்டே போச்சு. அன்னியிலேருந்து இங்கேருந்து எந்தத் தலை அங்க போனாலும், பாதி வழியில பேச ஆரம்பிச்சிடும்.” கடைக்காரர் தவரத்தினத்தின் எலும்பு அறுக்கும் மிஷின் நிற்கிறது. மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் கடக்க, கண்ணாடி மெல்ல அதிர்கிறது. “என்ன பாஷையிலை ஐயா?” என்கிறாள் கோசலை. “பிரெஞ்சுதான்.” அவள் கடைக்காரரிடம் திரும்புகிறாள். “அப்ப வெட்டாமல் முழுசாத் தாங்கோ, அண்ணை. திங்கட்கிழமை எனக்கு பிரெபெக்த்யூரிலை விசா அலுவல் கிடக்கு. எனக்குப் பதிலா இது கதைக்கட்டும்.” பையை இரு கையாலும் நெஞ்சோடு ஏந்திக்கொண்டு அவள் கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் நடக்கிறாள். காற்றில் பையின் வாய் திறந்து திறந்து மூடுகிறது. பெர்னார் தொப்பியைப் போட்டுக்கொள்கிறார். தவரத்தினம் அந்தப் பக்கம் திரும்பியதும், நெஞ்சில் சிலுவையும்.