விசிறிகள் திரும்பிய நாள்

ஒரு கணினிப் பெட்டிக்குள், கணினியின் சூட்டைச் சுமந்து வரும் தண்ணீரை ஆற்றித் தர இரண்டு ரேடியேட்டர்கள் இருந்தன. முன்பக்கத்துப் பெரியவனுக்கு விசிறிகள் இழுத்த அறையின் குளிர்ந்த காற்று நேராகக் கிடைத்தது. அவனைக் கடந்து சூடாகி வந்த காற்றுதான் மேலே இருந்த சின்னவனுக்கு.

"உங்கிட்ட வர்ற தண்ணி ஆறவே மாட்டேங்குது. நீ என்னதான் செய்யறே?" என்று பெரியவன் தினமும் கேட்பான். சின்னவன் முடிந்தவரை ஆற்றிக்கொண்டே இருப்பான்.

ஒருநாள் கணினிக்காரர் விசிறிகளையெல்லாம் எதிர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினார். குளிர்ந்த காற்று மேலிருந்து நுழைந்தது. சின்னவனைக் கடந்து வந்த சூட்டில் பெரியவனுக்கு மூச்சு முட்டியது. தண்ணீர் அவனிடமிருந்து சூடாகவே கிளம்பிப் போனது. சின்னவன் என்ன கேட்கப்போகிறானோ என்று பெரியவன் கூசிப்போய் இருந்தான்.

"முதல் ரெண்டு நாள்தான் கஷ்டம், அண்ணே," என்றான் சின்னவன். "முடிஞ்சவரைக்கும் ஆத்துங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."