மூன்றில் பழையது

"ஒரே லேப்டாப்ல மூணு பைத்தான் சாஃப்ட்வேர் எதுக்கும்மா? பழைய வெர்ஷனைத் தூக்கிட்டேன்," என்றார் மேலதிகாரி மரியதாஸ், ஒட்டடை அடித்து முடித்தவர் போல. அணைக்கு வரும் வெள்ளத்தைக் கணிக்க நிரல் எழுதிய அங்கயற்கண்ணி திரையிலிருந்து நிமிர்ந்தாள். "அந்தப் பழசுலதானே சார் நம்ம நிரல் ஓடும்."

"இதோ, ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"ஏற்கெனவே மெமரியில ஏறினது ஓடுது. நின்னா மறுபடி எழும்பாது."

அணையோரக் கண்காணிப்பு அறைக்கு வெளியே காலையிலிருந்து பேய்மழை. கரண்ட் இல்லை, பழையதை இறக்கிக்கொள்ள நெட்டும் இல்லை. பேட்டரி இரண்டு சதவீதம்.

"ஆபீஸ்ல இன்னொரு லேப்டாப் இருக்குமே?"

"அதுலயும் பழசைப் போன வாரமே சுத்தம் பண்ணிட்டீங்களே."

போன் அடித்தது. அணைமேல் நிற்கும் இருளாண்டி. "எத்தனை ஷட்டர் திறக்கட்டும்மா? கூடத் திறந்தா கீழ ஊரு போயிரும். குறைச்சா கரையே போயிரும்."

கணிப்பு முக்கால்வாசி வந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. மரியதாஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, இருக்கீங்களா? கம்ப்யூட்டர் சொல்லிருச்சா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே அணையைப் பார்த்தாள். மழையில் அது தெரியவே இல்லை.

"சொல்லிருச்சுண்ணே," என்றாள். "அஞ்சு."