சோப்புக்குப் பம்பரக் கயிறு

"யோவ், இன்னாயா பண்ணிக்கினு கீற?"

புடைத்துக்கொண்டிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள் நாகவல்லி.

சின்னசாமி நிமிரவில்லை. கை டிரில்லைச் சுற்றி, சோப்பின் நட்டநடுவில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். ஏற்கெனவே நாலைந்து சோப்புகள் ஓட்டையோடு பாயில் கிடந்தன.

அத்தனையும் அவள் கையால் செய்தது. மண்ணூர்பேட்டை மாதர் சங்கத்தில் கற்றுக்கொண்டு, தேங்காயெண்ணெயையும் காஸ்டிக் சோடா தண்ணியையும் கை கடுக்கக் கிண்டி, அடியில் பூப்போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி எடுத்தது. மல்லிகை எசன்ஸ் வேறு. ஒரு மாதமாகப் பரணில் வைத்துப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள்.

எல்லாம் ஆயுத பூஜைக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பட்டறையில் சின்னசாமி மேஸ்திரி. பூஜையன்று ஆட்களின் குடும்பமெல்லாம் வரும், முதலாளி சம்சாரமும் வருவாள். வருஷா வருஷம் நாகவல்லி ஒரு மூலையில் நின்று பொரி வாங்கிக்கொண்டு திரும்புவாள். இந்தத் தடவை ஆளுக்கொரு சோப்பு கொடுத்து, "நீயா செஞ்ச?" என்று நாலு பேர் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. அதில்தான் இந்த மனுஷன் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"பூப்போட்டு எடுத்தேன்யா. கரீட்டா அந்தப் பூ மேலயே போடுறியே, உனுக்கே நல்லாகீதா?"

"நடுவுல போட்டாத்தான் ஒடையாது."

"எதுக்குப் போடணும்ன்றேன்?"

"கயிறு கோக்க."

பையிலிருந்து ஒரு கட்டு பம்பரக் கயிற்றை எடுத்துப் போட்டான்.

"சோப்புக்கு இன்னாத்துக்கு கயிறு?"

"மாட்டிக்க."

பட்டறை மெஷினைக்கூடப் பேசவைத்துவிடலாம், இவனைப் பேசவைக்க முடியாது.

"மெஷின்ல அடிபட்டு ஆஸ்பத்திரில கெடந்த வேம்புலி திரும்பி வந்துட்டான், அவனுக்கும் சேத்து ஊத்துன்னு நீதானய்யா சொன்ன? மூஞ்சி தெரியாத ஆளுக்குக்கூட ஆசையாத்தான ஊத்துனேன். இப்டி நாசம் பண்றதுக்கா?"

டிரில் மட்டும் சுற்றியது.

அவன் கவனிக்காத நேரம் பார்த்து நல்ல சோப்பாக ஒன்றை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

"ஒண்ணு கொறையுதே."

"அது முதலாளி ஊட்டம்மாவுக்கு. அதுலயாவது கை வெக்காத."

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் குடுக்கணும். கொண்டா."

கொடுத்தாள். பூஜை நாள் வரைக்கும் அவனுக்குச் சோறு போட்டாளே தவிர, முகம் கொடுத்துப் பேசவில்லை.

பூஜையன்று மெஷின்களைத் துடைத்து முடித்த ஆட்கள் கிரீஸும் கரியுமாக வந்து நின்றார்கள். சின்னசாமியே ஒவ்வொருவருக்கும் சோப்பைக் கொடுத்தான்.

அவள் பயந்ததுதான் நடந்தது. பட்டறையிலேயே வாய்த்துடுக்கு அதிகம் அருள்தாஸுக்கு. கயிற்றைச் சோப்பில் சுற்றிக் கையை ஓங்கினான்.

"அண்ணி, இது குளிக்கறதுக்கா, பம்பரம் உடறதுக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சம்சாரம் கயிற்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கைப்பைக்குள் போட்டாள். நாகவல்லிக்கு அழுகை முட்டியது. அப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

சின்னசாமி அசரவில்லை.

"சிரிச்சது போதும். பூஜைக்கு நேரமாவுது, கை கழுவுங்க."

தன் சோப்பின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் குழாயடிக்கு நடந்தான். மற்றவர்களும் விளையாட்டுக்கு அதேபோல் மாட்டிக்கொண்டார்கள். அருள்தாஸ் மட்டும் இரண்டு சுற்று சுழற்றிக் காட்டிவிட்டுப் போனான்.

ஒருவன் மட்டும் போகவில்லை. வலது கை மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, சோப்பை இடது கையில் வைத்தபடி சுவரோரம் நின்றான்.

"இன்னா வேம்புலி, வா," என்று கூப்பிட்டான் சின்னசாமி.

"நீங்கல்லாம் கழுவிக்கினு போங்க அண்ணாத்தே. நான் எப்பவும் கடைசிலதான கழுவறேன்."

"இன்னிக்கு எங்ககூட வா. எடம் கீது."

வேம்புலி தயங்கித் தயங்கி வந்தான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

நாகவல்லி அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது. மற்ற விரல்களை மெஷின் கொண்டுபோயிருந்தது.

அவன் அந்தக் கையில் கயிற்றை மாட்டிக்கொண்டு இடது கையைத் தேய்த்தான். சோப்பு வழுக்கியது. ஆனால் சாக்கடையில் போய் விழவில்லை, மணிக்கட்டிலேயே தொங்கியது. உள்ளங்கைக்குள் அதைத் தள்ளிக்கொண்டு மறுபடி தேய்த்தான். பக்கத்தில் அருள்தாஸின் சோப்பும் அதேபோல் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. யாரும் யார் கையையும் பார்க்கவில்லை. வேம்புலி எதற்கோ சிரிப்பதுகூடக் கேட்டது.

ஈரக் கையோடு வந்த சின்னசாமியிடம் நாகவல்லி முந்தானையை நீட்டினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லய்யா? அவுருக்கு மட்டும் தனியா, நல்ல கயிறாப் பாத்து நானே கட்டிக் குடுத்திருப்பேனே."

"அதுக்குத்தான்மே சொல்லல," என்றான் சின்னசாமி.