நத்தைக் கேள்வி

“அம்மா, சீக்கிரம் சொல்லும்மா. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது.”

போனில் ஜெயப்பிரகாஷ் அழுதான். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில், வேலை செய்யும் துணிக்கடையில் நைட்டி மடித்துக்கொண்டிருந்த நிர்மலாவுக்குக் கை கால் ஓடவில்லை. சென்னையில் சாப்பாடு டெலிவரி செய்யும் ஒரே மகன். ஊருக்கு வரும் வழியில் உளுந்தூர்பேட்டை பைபாஸில் லாரி மோதிவிட்டதாம். அவன் போன் நொறுங்கிவிட்டதால் ஆஸ்பத்திரியில் யாரிடமோ வாங்கிப் பேசுகிறானாம். பணம் கட்டினால்தான் ஆபரேஷனாம். அவள் போனுக்கு வந்திருக்கும் ஓடிபியைச் சொன்னால் போதுமாம், அவள் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்வார்களாம்.

கணக்கில் இருப்பது, கூரை வீட்டை மாற்றிக் கட்ட அவளும் புருஷனும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. அது மொத்தமும் போனாலும் போகட்டும், பிள்ளை பிழைத்தால் போதும் என்றுதான் பெற்ற மனம் அடித்துக்கொண்டது.

கடைக்காரி நூர்ஜகான் ஓடி வந்து போனை ஸ்பீக்கரில் போட்டாள். திரையில் வந்திருந்த எண்ணைக் காட்டினாள். “சொல்லுக்கா, புள்ள துடிக்கிறான்.”

நிர்மலா எண்ணைச் சொல்லவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறொன்று கேட்டாள்.

“கண்ணு, குழா மாதிரி ஒண்ண நீட்டி மூச்சு வுடுற நத்தைக் கூட்டத்துக்கு உன் காலேஜு பொஸ்தகத்துல இன்னா பேரு?”

நூர்ஜகான் திகைத்துப் போனாள். பயத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? போனில் மகனுக்குக் கோபம் வந்தது. சாகக் கிடக்கிறவனிடம் நத்தையைப் பற்றி என்ன பேச்சு, தலை சுற்றுகிறது, நம்பரைச் சொல் என்று கத்தினான். நூர்ஜகானும் தன் பங்குக்குத் திட்டினாள். ஆனாலும் நிர்மலா விடவில்லை.

“தெரிஞ்சா பேரச் சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. அப்பால நம்பரு சொல்றேன்.”

எதிர்முனையில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு தங்கு தடையில்லாமல் பதில் வந்தது.

“சைஃபனோபிராங்கியேட்டா.”

நூர்ஜகானுக்குப் போன உயிர் திரும்பியது. அடிபட்டுக் கிடக்கும்போதும் இத்தனை பெரிய பேரைச் சொல்கிறானே, படித்த பிள்ளை படித்த பிள்ளைதான் என்று வியந்துபோனாள். இனியாவது நம்பரைச் சொல்லித் தொலை என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

நிர்மலா போனைக் கட் செய்தாள்.

“இன்னாக்கா பண்ற? அது உன் புள்ள கொரலுதானே?”

“கொரலு அவனுதுதான். பதிலு அவனுது இல்ல.”

கம்ப்யூட்டரில் யார் குரலையும் போலியாகப் பேசவைக்கலாம் என்பது நூர்ஜகானுக்குத் தெரியாது. நொறுங்கிவிட்டதாகச் சொன்ன மகனின் போனுக்கே நிர்மலா அடித்தாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் எடுத்தான், பின்னால் சென்னைப் பஸ்களின் ஹாரன் சத்தம். எங்கே இருக்கிறாய், எப்படி இருக்கிறாய் என்றுகூட அவள் கேட்கவில்லை, அதே நத்தைக் கேள்வியைக் கேட்டாள்.

“ஏம்மா வேல நேரத்துல வம்பு பண்ற? அந்தப் பேரு வாயில வராமதானே சாரு நேர்ல கேக்குற வைவா பரீட்சைல ஒவ்வொரு வாட்டியும் பெயிலாயி, காலேஜையே வுட்டுட்டு இங்க ஊரு சோத்தத் தூக்கிக்கினு சுத்துறேன்?”