கிழக்கு வேலி

பேனா உருண்டு மேசைக்கு அடியில் விழுந்தது.

அவன் குனிந்து எடுத்தான். நிமிரவில்லை.

அந்த உயரத்திலிருந்து, திறந்திருந்த கதவு வழியாக, வராந்தாவில் போகிறவர்களின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஒரு ஷூ. ஒரு வெறுங்கால். தண்ணீர் சொட்டச் சொட்ட வாளியோடு போகும் ரப்பர் செருப்பு.

"என்னடே, கையெழுத்த தரையிலயா போடப் போற?"

செல்லப்பாண்டியின் குரல். கோவில்பட்டி அணியின் மேனேஜர். செயற்கைப் புல் வருவதற்கு முன்பு இதே மைதானத்தின் கரிசல் தரையில் ஃபுல்பேக் ஆடியவர். முன்பற்கள் அங்கேதான் போயின.

அவன் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

மின்விசிறிக் காற்றில் ஒப்பந்தத் தாள் படபடத்தது. அதன் மேல் பழைய ஹாக்கிப் பந்து ஒன்றை வைத்திருந்தார்.

"மறுபடியும் சொல்லிருதேன். பெங்களூர்க்காரன் குடுக்கேன்னு சொன்னதுல இது பாதிதான். எனக்கு மனசில்லாம இல்ல. ஒரு டீமுக்கு மொத்தச் சம்பளம் இவ்வளவுதான்னு லீக்குல கோடு போட்டுட்டான். தாண்டுனா டீமையே தூக்கிருவான். உனக்குக் கூட்டணும்னா கோல்கீப்பர விடணும்."

"அவன் இருக்கட்டும் அண்ணாச்சி."

"லீக்குலயே வேகமான லெஃப்ட் விங்கர் நீ. போனா ஊர்ல ஒருத்தன் ஒண்ணும் சொல்ல மாட்டான்." அவர் பந்தை லேசாக உருட்டினார். "போனா உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்லா."

மாறுதல்.

பங்குனியிலிருந்து எல்லாரும் அந்த ஒரு சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். அண்ணன், மாமியார், எதிர்வீட்டுக்காரர். ஆளுக்கு ஒருமுறை எடுத்து நீட்டினார்கள்.

அவன் பேனா மூடியைக் கழற்றினான்.

"போட்டுருதேன் அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு வேணும்."

"துட்டு தவிர என்னத்த வேணாலும் கேளு."

"டாஸ் ஜெயிச்சா பக்கம் கேக்கணும். முதல் பாதி வடக்கு கோலப் பாத்து ஆடணும். எப்பவும்போல."

செல்லப்பாண்டியின் கை பந்தின் மேல் நின்றது.

டாஸ் ஜெயித்தவன் பந்தைக் கேட்கலாம், அல்லது பக்கத்தைக் கேட்கலாம். இரண்டும் சேர்த்துக் கிடையாது. இனி எப்போதும் பந்துதான் என்று புதிய பயிற்சியாளர், கோயம்புத்தூர்க்காரர், முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்.

முதல் பாதி வடக்கு என்றால் இரண்டாம் பாதி தெற்கு.

தெற்கு நோக்கி ஓடினால் அவனுடைய இடது கைப் பக்கம் கிழக்கு வேலி.

அவன் மனைவி இரண்டாம் பாதிக்குத்தான் வருவாள்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கடைசி ஆள் போன பிறகு கிளம்பி, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல். கேலரியில் ஏற மாட்டாள். ஸ்கோர்போர்டுக் கம்பத்தை ஒட்டி வேலியோரம் நிற்பாள். கத்த மாட்டாள். கை தட்ட மாட்டாள்.

ஹாக்கி குனிந்து ஆடும் ஆட்டம். பந்தோடு ஓடுகிறவனுக்குப் பார்க்க வந்தவர்களின் முகம் தெரியாது.

கம்பிவலைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி.

அதில் நீலப் பட்டை வைத்த செருப்பு. வலது பட்டையில் ஓர் ஊக்கு.

அந்த இடம் வரும்போது மட்டும் அவன் கால் தானாக எட்டிப் போடும். தடுக்க வந்தவன் பின்னால் போய்விடுவான்.

அந்த வேகத்தைத்தான் இப்போது விலை பேசுகிறார்கள்.

"அவ்வளவு தூரம் வந்து நிக்கேன். ஒரு தடவகூட நிமிந்து பாக்க மாட்டீங்களே."

அவளுக்கு இருந்த ஒரே குறை.

பங்குனியில் ஆஸ்பத்திரியில், அந்தச் செருப்பை ஒரு கேரிபேக்கில் போட்டு அவன் கையில் கொடுத்தார்கள்.

"எதுக்குடே?" என்றார் செல்லப்பாண்டி.

அவன் தாளைப் பார்த்தான்.

"வெயில் அண்ணாச்சி. கண்ணுல அடிக்கு."

செல்லப்பாண்டி ஜன்னல் பக்கம் திரும்பினார். மைதானத்தில் ஆட்கள் உயரக் கம்பங்களில் ஏறிப் புதிய விளக்குகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த ஆண்டு டிவிக்காக எல்லா ஆட்டங்களும் இருட்டிய பிறகுதான். அட்டவணையை வாசலில் ஒட்டியவரே அவர்தான்.

கம்பங்களுக்கு அப்பால் கிழக்கு வேலி. யாரும் இல்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு போனை எடுத்துப் பயிற்சியாளரை அழைத்தார்.

"சார், நம்ம லெஃப்ட் விங்கர் இருக்கேன்னுட்டான். ஆமா, அதே துட்டுக்குத்தான்... ஒண்ணு மட்டும். டாஸ் ஜெயிச்சா நாம பக்கம்தான் கேக்கணும். வடக்கு... இல்ல சார், பந்து வேண்டாம். பக்கம்... வெயிலாம்."

எதிர்முனையில் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். சிரிப்பும் கேட்டது.

செல்லப்பாண்டி சிரிக்கவில்லை.

"எங்க ஊரு வெயிலு உங்களுக்குத் தெரியாது சார்."

போனை வைத்தார். பந்தைத் தாளிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அவன் குனிந்து கையெழுத்துப் போட்டான்.

வாசலில் யாரோ வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

அவன் நிமிரவில்லை.